சைல்டு லாக்: பூட்டாத பூட்டு

காரின் சைல்டு லாக்கைத் தமிழில் சொல்லும்போது, ‘குழந்தைப் பூட்டைப் போட்டால் பின்கதவு பூட்டிக்கொள்ளும்’ என்று எழுதுகிறார்கள். பூட்டிக்கொள்ளாது. சைல்டு லாக் போட்ட கதவை வெளியிலிருந்து யாரும் திறக்கலாம். மெயின் லாக்கும் போட்டால்தான் அது பூட்டிய கதவு.

பின்கதவைத் திறந்தால், அதன் விளிம்பில் தாழுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோலோ சாவி நுனியால் திருப்பும் பிளவோ இருக்கும். அதை நகர்த்தினால் உள்கைப்பிடிக்கும் தாழுக்கும் உள்ள தொடர்பு அறும். பிள்ளை எத்தனை முறை இழுத்தாலும் கைப்பிடி சும்மா ஆடும், அவ்வளவே.

காண் என்பதிலிருந்து காட்டு வந்தது போல, பூண் என்பதிலிருந்து பூட்டு வந்தது. ஏர் பூட்டினான், வில்லில் நாண் பூட்டினான், எல்லாம் இணைப்பதுதான். செய்யுளின் கடைச்சொல் முதற்சொல்லோடு போய்ப் பொருந்துவதையும் பூட்டுவிற் பொருள்கோள் என்றார்கள். இங்கே நடப்பதோ கழற்றிவிடுவது. பூட்டுக்கு நேர் எதிரான வேலைக்குப் பூட்டென்று பெயர்!

‘குழந்தைப் பூட்டு’ தொகைச்சொல்லாகவும் தவறு. வீட்டுப் பூட்டு வீட்டைப் பூட்டும், பெட்டிப் பூட்டு பெட்டியைப் பூட்டும். அப்படியானால் குழந்தைப் பூட்டு? இது உறுத்தியதால் ‘குழந்தைகள் பாதுகாப்புப் பூட்டு’ என்று நீட்டினார்கள். சொல் நீண்டது, பிழை அப்படியே நின்றது. ‘சிறார் காப்புப் பூட்டு’ என்றாலும் அதே கதை. தாழுக்கு வயது தெரியாது. பின்சீட்டில் பாட்டி இருந்தாலும் அவருக்கும் திறக்காது. அவர் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே விட்டு வெளிக்கைப்பிடியை இழுக்க வேண்டும், அல்லது வெளியே இருப்பவர் திறந்துவிட வேண்டும். பூட்டு என்று படித்தவர் சாவியைத் தேடிக்கொண்டிருப்பார்.

‘உள்திறப்புத் தடை’ என்பதே பொருந்தும். எது தடைபடுகிறது, எந்தப் பக்கம் என்பது பெயரிலேயே இருக்கிறது. பேச்சில் சைல்டு லாக் என்றே சொல்லிவிட்டுப் போகலாம், குற்றமில்லை. தவறான தமிழைவிட அது மேல். நெம்புகோல் வகையில் இரண்டு கதவுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். ஒரு பக்கம் போட்டு மறுபக்கம் மறப்பதுதான் வழக்கமான கோளாறு. வண்டியைத் துடைக்கும்போது துணி பட்டும் அது நகர்ந்துவிடலாம். கண்ணாடியை இறக்கி வைத்துக் கதவைச் சாத்தி, உள்கைப்பிடியை இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

குழந்தையை உட்காரவைக்கக் காரில் தனியாக மாட்டும் ‘கார் சீட்’டின் கதி இன்னும் மோசம். ‘கார் இருக்கை’ என்றால் காரோடு வந்த இருக்கைதானே? ‘கார் இருக்கையை முன் இருக்கையில் வைக்காதீர்’ என்ற வரி யாருக்குப் புரியும்? ‘குழந்தைக் காப்பிருக்கை’ என்று எழுதினால் குழப்பமே இல்லை. அதைவிட ஆபத்தானது, பின்நோக்கி வைக்கும் காப்பிருக்கையைப் ‘பின்புற இருக்கை’ என்று பெயர்ப்பது. படிப்பவர் காப்பிருக்கையைப் பின்சீட்டில் முன்பார்த்தபடி மாட்டிவிட்டு, சொன்னபடி செய்ததாக நினைப்பார். குழந்தையின் முகம் வண்டியின் பின்பக்கம் பார்க்க வேண்டும் என்பதே செய்தி. காப்பிருக்கைகளுக்கான ஐ.நா. விதியான ஐ-சைஸ்படி, குறைந்தது 15 மாத வயது வரை அப்படித்தான் வைக்க வேண்டும். அப்படிப் பின்நோக்கிய காப்பிருக்கையை, ஏர்பேக் அணைக்கப்படாத முன்சீட்டில் வைக்கவே கூடாது: பை விரியும் வேகம் நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால் உள்ள சாய்வில் மோதும். ‘பின்நோக்கு’ என்ற ஒரு சொல்லை ஒழுங்காக எழுத என்ன தடை?