ஆறு நின்றபின் வரும் காய்ச்சல்

மழை பெய்தால் மலேரியா வரும் என்று கிராமக் கூட்டங்களில் நாங்களே பலமுறை சொல்லியிருக்கிறோம். தென்பெண்ணைக் கரையோர ஊர் ஒன்றில் ஒரு பெரியவர், "ஆத்துல தண்ணி ஓடுறப்ப இல்லாத காய்ச்சல், நின்னப்புறம் ஏங்க வருது?" என்று கேட்டார். அவர் கவனித்தது சரியே. வெள்ளம் ஓடும்போது கொசுப்புழுக்கள் அடித்துச் செல்லப்படுகின்றன. சாத்தனூர் அணையிலிருந்து வரும் நீர் நின்றபின் மணலிலும் பாறை இடுக்குகளிலும் தேங்கும் தெளிந்த குட்டைகளில்தான் மலேரியாவைக் கடத்தும் அனாபிலஸ் குலிசிபேசிஸ் என்ற கொசு முட்டையிடுகிறது. அகப்பையில் மொண்டு பார்த்தால் அடையாளம் எளிது: மற்றக் கொசுக்களின் புழுக்கள் தலைகீழாகத் தொங்கும், அனாபிலஸ் புழு நீர்மட்டத்தோடு படுத்துக் கிடக்கும்.

இதன் கொடிய வடிவத்தை இலங்கை 1934-35இல் கண்டது. தென்மேற்குப் பருவமழை பொய்த்து, களனி கங்கையும் மகா ஓயாவும் குட்டை குட்டையாக வற்றியதால், மலேரியா அதிகம் பழகாத, எதிர்ப்பாற்றல் குறைந்த ஈரவலய (மழை மிகுந்த பகுதி) மக்களிடையே நோய் பரவி ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர்.

கொசுவின் எண்ணிக்கையும் தனியே எதையும் சொல்லிவிடாது. விடியற்காலையில் டார்ச் விளக்கும் உறிஞ்சுகுழாயுமாக மாட்டுக்கொட்டகைக்குள் நுழைந்தால் இந்தக் கொசு நிறையவே சிக்கும். ஆனால், அது பெரிதும் நாடுவது மாட்டு இரத்தத்தை. நான் எண்ணிக்கையைவிடக் கொசுவின் வயதுக்கே அதிக மதிப்புக் கொடுப்பேன். நோயாளியிடம் உறிஞ்சிய பால்சிபாரம் என்ற மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் முதிர்வதற்கு 25 டிகிரி வெப்பத்தில் சுமார் 12 நாள் ஆகும். 20 டிகிரியில் மூன்று வாரத்துக்கும் மேலாகும். அதுவரை பிழைத்திருக்கும் கொசுவே நோயைக் கடத்தும். காற்றில் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும் வறண்ட கோடையில் பெரும்பாலானவை அதற்கு முன்பே மடிந்துவிடுகின்றன.

குட்டையில் இட்ட முட்டை கொசுவாக ஏறத்தாழ 10 நாள், கொசுவுக்குள் கிருமி முதிர 10 முதல் 12 நாள், கடிபட்டவருக்குக் காய்ச்சல் காண இன்னும் 10 முதல் 15 நாள் என்று கணக்கிட்டால், ஆறு நின்ற ஐந்தாம் வாரவாக்கில் முதல் நோயாளி வருவார். எனவே, குட்டைகளை வெட்டி வடியவிடும் வேலையும் புழுக்கொல்லி தெளிக்கும் வேலையும் நீர் நின்ற முதல் வாரத்திலேயே தொடங்கியாக வேண்டும். அதன்பின் குளிர்க்காய்ச்சலோடு வருபவருக்கு மாத்திரை கொடுத்து அனுப்புமுன், கிருமி இருக்கிறதா என்று பார்க்க விரல்நுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் இரத்தத் தடவல் எடுத்துவிட வேண்டும்.