கங்குன் கட்டு ஏன் ஒரு பிடியாகிறது?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "நாளுக்கு ஐந்து பங்கு மரக்கறியும் பழமும் சாப்பிடச் சொல்லுறாங்க. பச்சைக் கீரையெண்டா ஒரு கோப்பை, சமைச்சா அரைக் கோப்பை ஒரு பங்காம். இதென்ன கணக்கு? ஒரு கட்டுக் கங்குனைச் சுண்டினா மூண்டு பேருக்குக் காணாது."

உலக சுகாதார நிறுவனம் கேட்பது நாளுக்குக் குறைந்தது 400 கிராம். அதை ஐந்தாகப் பிரித்தால் பங்கு 80 கிராம். நடுத்தர வாழைப்பழம் ஒன்று ஒரு பங்கு. மரவள்ளி, வற்றாளை, உருளைக்கிழங்கு இதில் சேராது. பருப்பும் பழச்சாறும் எவ்வளவு எடுத்தாலும் பிரித்தானியக் கணக்கில் ஒவ்வொரு பங்குதான்.

கீரைக்கு வருவோம். இலையின் ஒவ்வொரு கலத்திலும் பேரிடத்தைப் பிடித்திருப்பது புன்வெற்றிடம் என்ற நீர்ப்பை. அதில் நிரம்பிய நீர் மென்சவ்வைக் கலச்சுவரோடு நெரிக்கிறது. அந்த வீக்க அமுக்கம் கார் ரயரின் காற்றமுக்கத்தை மிஞ்சுவது சாதாரணம். மெல்லிய இலை விறைப்பாக நிற்பது இந்தத் தள்ளுதலால். கலங்களுக்கிடையிலோ காற்று.

சூடான தாச்சியில் விழுந்ததும் முதலில் அந்தக் காற்று வெளியேறுகிறது. ஒளியைச் சிதறடித்துக்கொண்டிருந்தது அதுதான். அது போனதும் கங்குன் சில கணங்களில் பளிச்சென்று பச்சையாகும். அடுப்படியில் நிற்கும் எவரும் பார்க்கக்கூடிய அந்த நிறமாற்றம் எனக்கு எப்போதும் அதிசயம். வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டும்போது மென்சவ்வு சிதைந்து, உள்ளிருந்த நீர் கசிகிறது. நாம் ஒரு சொட்டும் ஊற்றாமலே தாச்சியின் அடியில் தண்ணீர் ஊறுவது அதனால். தாங்க ஆளில்லாத இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடுகின்றன.

சுருங்குவது பெரும்பாலும் கனவளவு. ஆவியான நீர் போக நிறை அப்படியே இருக்கிறது. அமெரிக்க விவசாயத் திணைக்கள அட்டவணையில் பச்சை ஸ்பினாச் கீரை ஒரு கோப்பை 30 கிராம், அவித்து வடித்தது 180 கிராம். ஒரு பங்கென்று சொல்லும் பச்சைக் கோப்பை 30 கிராம், சமைத்த அரைக் கோப்பை 90 கிராம். ஆகவே கோப்பைக் கணக்கைவிட எனக்குத் தராசில்தான் நம்பிக்கை. ஸ்பினாச்சுக்குப் பதில் நம் கங்குன், முருங்கையிலை, பொன்னாங்காணிச் சுண்டல்களைத் தராசில் நிறுத்து, அகப்பைக் கணக்கில் அட்டவணையாக்கி ஒவ்வொரு கிளினிக் சுவரிலும் தொங்கவிட வேண்டும். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ உள்ள பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு தவணையில் முடிக்கக்கூடிய வேலை. இதற்குப் பணம் ஒதுக்காமல் ஆலோசனைக்கு மட்டும் செலவழிப்பதில் பயனில்லை.

"குளிர்" என்று சொல்லிப் பிள்ளை பெற்ற தாய்க்குக் கீரையையும் பழத்தையும் மறுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. இரும்பும் ஃபோலேற்றும் அதிகம் வேண்டியிருக்கும் நேரத்தில் செய்யும் அநியாயம் அது.

வாசகிக்கு: மூன்று பேருக்கு ஆளுக்கொரு பங்கென்றால், தடித்த தண்டு கழித்து ஆய்ந்த கீரை கால் கிலோ வேண்டும். அவித்த நீரை ஊற்றிவிட்டால் விற்றமின் சி-யும் ஃபோலேற்றும் அதோடு போய்விடும். சுண்டலில் அந்த இழப்பு குறைவு. தேங்காய்ப்பூவைக் குறைக்காதீர்கள், கீரையின் கரோட்டினை உடம்பு உறிஞ்ச அந்தக் கொழுப்பு தேவை.