தாரை நஞ்சாக்கும் நொதி

சாலை வேலையில் கையில் ஒட்டும் தாரை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கிறோம், ஆபத்து உண்டா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். மண்ணெண்ணெய் வேண்டாம், தோலைக் காக்கும் கொழுப்பையும் அது கரைத்துவிடும். சமையல் எண்ணெய், அப்புறம் சோப்பு போதும். இன்று சாலைக்குப் போடுவது பெரும்பாலும் கச்சா எண்ணெயில் கிடைக்கும் பிட்டுமென். பழைய நிலக்கரித் தார் அதைவிடப் பொல்லாதது.

புகைபோக்கி துடைப்பவர்களின் விதைப்பையில் வரும் புற்றுக்குக் கரியே காரணம் என்று 1775-இல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் எழுதினார். 1915-இல் டோக்கியோவில் யமகிவாவும் இச்சிகாவாவும் முயல் காதில் மாதக்கணக்கில் தார் தடவிப் புற்றை வரவழைத்தார்கள். 1926-க்கான மருத்துவ நோபலோ, புழுவால் புற்று வரும் என்ற ஃபிபிகெருக்குப் போனது. அந்த முடிவு பிறகு தவறென்று ஆனது. பொறுமைக்குப் பரிசு தரும் பழக்கம் நமக்கு இன்றும் வரவில்லை.

தாரில் இருக்கும் முக்கியக் குற்றவாளி பென்சோபைரீன். ஐந்து வளையங்கள் ஒட்டிய தட்டையான மூலக்கூறு. கொழுப்பில் கரைவதால் தோலுக்குள் எளிதில் போய்விடும். வேடிக்கை என்னவென்றால், அது தன்னளவில் டிஎன்ஏவோடு பிணைவதில்லை. செல்லுக்குள் ஓர் ஏற்பிப் புரதம் அதை மோப்பம் பிடித்து, சைட்டோகுரோம் வகை நொதி ஒன்றை நிறையச் செய்யச் சொல்கிறது. நீரில் கரைத்து வெளியேற்றுவதற்காக அந்த நொதி மூலக்கூறில் ஓர் ஆக்சிஜனைச் செருகுகிறது. இரண்டு கார்பனும் ஓர் ஆக்சிஜனுமாக இறுக்கமான முக்கோணம். இன்னொரு நொதி தண்ணீர் சேர்த்து அதைத் திறந்துவிடுகிறது. சரி, இத்தோடு முடிந்திருந்தால் நல்லது. முதல் நொதி பக்கத்திலேயே இரண்டாவது முக்கோணத்தையும் போட்டுவிடுகிறது. இது வளையங்களின் வளைவுக்குள் ஒதுங்கியிருப்பதால், திறக்கும் நொதியால் இதைச் சரியாக எட்ட முடிவதில்லை. முக்கோணம் தானே உடைந்து, டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானினைப் (ஜி) பிடித்துக்கொள்கிறது.

பழுதுபார்க்கும் புரதங்கள் பெரும்பாலும் இதை வெட்டி எடுத்துவிடும். அதற்குள் செல் பிரிந்தால்தான் சிக்கல்: குவானினுக்கு எதிரே சைட்டோசின் என்ற எழுத்து வரவேண்டிய இடத்தில் அடினின் வந்து உட்காரும், அடுத்த பிரிவில் ஜி இருந்த இடம் டி (தைமின்) ஆகிவிடும். புற்றைத் தடுக்கும் பி53 மரபணுவில் விழுந்தால் இந்த ஓர் எழுத்தே போதும்.

அந்த ஏற்பிப் புரதம் இல்லாத எலிகளுக்குத் தோலடியில் பென்சோபைரீன் செலுத்தியபோது கட்டி வரவில்லை. ஆனால் ஆக்சிஜனைச் செருகும் அந்த முதல் நொதி இல்லாத எலிகளுக்கு வாய்வழி கொடுத்தபோது, சாதாரண எலிகள் பிழைத்திருக்க, அவை செத்தன. குடலில் அது காவலாளி. ‘நச்சு நீக்கும் நொதிகளைத் தூண்டும்’ என்று பானம் விற்பவர்களிடம், எந்த நொதியை, எந்த உறுப்பில் என்று கேட்டுப் பாருங்கள்.