செட்டிநாட்டில் முதியோர் கணக்கெடுப்பு: எதை எண்ணுவது, எப்படிக் கேட்பது?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் தனியாக வாழும் முதியோரைக் கணக்கெடுக்கப் போகிறவர்கள் முதல் நாளே தடுமாறுவது வீட்டை எண்ணுவதில்தான். பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். தெருவுக்கு ஓர் ஆள் போனால் ஒரே வீடு இரண்டு முறை பதிவாகும். ஒரே கதவு எண்ணுக்குள் பங்காளிகள் தனித்தனியாகப் பொங்கிச் சாப்பிடுவதும் உண்டு. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) மரபில் மணமான தம்பதி ஒரு புள்ளி. கோயில் வரியும் புள்ளிக் கணக்குத்தான். அதுபோல நாமும் அடுப்பைக் கணக்காக வைத்துக்கொள்ளலாம். "இங்கே எத்தனை இடத்தில் உலை வைக்கிறீங்க?" என்பதே முதல் கேள்வி.

பட்டியலில் 300 அடுப்பு, தேவை 60 என்றால் ஐந்துக்கு ஒன்று. 1 முதல் 5 வரை சீட்டுக் குலுக்கி, 3 வந்தால் 3, 8, 13 என்று போங்கள். பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டை எடுக்காதீர்கள். எப்போதும் வீட்டில் இருப்பவர்களே கணக்கில் நிறைந்துவிடுவார்கள். வேறு வேறு நேரங்களில் மூன்று முறை போங்கள், பிறகு 'கிடைக்கவில்லை' என்று எழுதுங்கள். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படையல்) நாட்கள் வேண்டாம். வெளியூர்ப் பிள்ளைகள் வந்திருக்கும் வாரத்தில் தனிமை கண்ணுக்குத் தெரியாது.

"சாப்பிட்டீங்களா ஆச்சி?" என்றால் "ஆச்சு" என்றுதான் பதில் வரும். அது மரியாதைக்குச் சொல்வது. நேற்றுக் காலையிலிருந்து 24 மணி நேரத்தை வேளை வேளையாகக் கேளுங்கள்.

"நேத்து ராத்திரி என்ன வச்சீங்க?"

"மத்தியானச் சோறு கெடந்துச்சு, மோரு ஊத்திக்கிட்டேன்."

"மத்தியானம் காய்?"

"ஒருத்திக்கு எதுக்குக் காய்?"

இந்த வரியை அப்படியே, அங்கேயே எழுதிவிட வேண்டும். ராத்திரி அலுவலகத்தில் எழுதினால் 'சத்துக்குறைவான உணவு' என்று நம் சொல்லாகிவிடும்.

மனச்சோர்வுக்கு 15 கேள்வி கொண்ட முதியோர் அளவுகோல் உண்டு; 'ஆம்', 'இல்லை' போதும். மதிப்பெண் 5-க்கு மேல் வந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். நோய் என்று நாம் எழுதக் கூடாது. கேட்கும் இடம் திண்ணையாக இருக்க வேண்டாம். அதே வீட்டில் தனி அடுப்பு வைத்திருக்கும் மருமகள் காதில் விழும் என்றால் பதில் மாறும்.

கணக்கெடுத்த முதியோரைத் துணைக்காக ஆறு மாதம் வாராவாரம் போய்ப் பார்த்தபின் இந்த மனச்சோர்வு மதிப்பெண் குறைந்தால் உடனே நம் உழைப்பின் பலன் என்று எழுதிவிடாதீர்கள். மிக அதிக மதிப்பெண்காரர்களை மட்டும் எடுத்திருந்தால் மறுமுறை ஓரளவு தானாகவே குறையும். வாராவாரம் போன ஊழியரே கேட்டால், அவர் மனம் நோகாமல் பதில் சொல்வார்கள். வேறு ஆள் கேட்கட்டும். இடையில் இறந்தவர்களையும் மகன் வீட்டுக்குப் போனவர்களையும் விட்டுவிட்டால் சராசரி அழகாகத் தெரியும், ஆகவே அவர்கள் எத்தனை பேர் என்பது அறிக்கையில் வர வேண்டும். எல்லோரையும் ஒரே நேரத்தில் பார்க்க ஆள் போதாதபோது பாதிப் பேரைச் சீட்டுக் குலுக்கி முதலில் தொடங்குங்கள். மீதிப் பேருக்கு ஆறு மாதம் கழித்து. அவர்களுக்குத் தொடங்கும் முன் இரு தரப்பையும் ஒரே வாரத்தில் அளந்தால் ஒப்பிட ஓர் அளவு கிடைக்கும்.