பம்பு போகவில்லை, அடாப்டரைப் பாருங்கள்

போன மாதம் ஓர் அம்மையார் துணிப்பையைத் திறந்து என் கடை மேசையில் மூன்று சின்ன பம்புகளை வரிசையாக வைத்தார். உள்ளங்கையில் அடங்கும் 12 வோல்ட் டி.சி. வகை. மேற்கு மாம்பலத்தில், வீட்டிலேயே காப்பித் தூளைக் குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, பாட்டிலில் அடைத்து விற்கிறார். (சுடச்சுட டிகாக்ஷன் இறங்கும் ஊரில் இதற்கும் வாடிக்கையாளர் இருப்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.) ஊறியதை டிரம்மிலிருந்து வடிகட்டிக்கு ஏற்றத்தான் பம்பு.

"நான்கு மாதத்தில் மூன்று போய்விட்டது அண்ணா. உழைக்கிற பம்பாக ஒன்று சொல்லுங்கள்."

மூன்றையும் என் பவர் சப்ளையில் மாட்டி வாளித் தண்ணீரில் இறக்கினேன். மூன்றும் ஓடின. அடாப்டரைக் கொண்டுவரச் சொன்னதும் அவருக்குக் கொஞ்சம் கோபம். "அது நன்றாகத்தான் இருக்கிறது. எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்தார், 12.2 காட்டியது."

இந்த 12.2தான் ஏமாற்றுகிறது. மல்டிமீட்டர் அடாப்டரிடம் கரண்ட் என்று எதையும் கேட்பதில்லை. காலி ஆட்டோ மேம்பாலம் ஏறியதைப் பார்த்துவிட்டு, ஐந்து பேர் உட்கார்ந்தாலும் ஏறும் என்று நம்புவது போன்ற சோதனை அது. சுமை கொடுத்து அளக்க வேண்டும். புதுப்பேட்டையில் கிடைக்கும் 12 வோல்ட் 21 வாட் கார் இண்டிகேட்டர் பல்பு ஒன்று போதும், ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். இரண்டு ஆம்பியர் என்று அச்சிட்ட அவருடைய அடாப்டரில் அதை மாட்டினேன். பல்பு மங்கலாக எரிந்தது. மீட்டர் ஏழுக்கு இறங்கியது. அந்த வோல்டேஜில் பம்பு நடுங்குமே தவிர நீரைத் தள்ளாது.

பெரும்பாலும் குற்றவாளி, உள்ளே வோல்டேஜைச் சீராக வைத்திருக்கும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் என்ற பாகம்தான். பத்து டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் வழங்கும் கணக்கு. அம்மையார் அடாப்டரை வைத்திருந்தது அடுப்புக்கு மேலே, கதவு மூடிய அலமாரியில். அதுவும் மே மாதத்துச் சென்னையில்! ஆனால் நீங்களே திறந்து பார்க்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரம் உள்ளே டி.சி.யாக மாறும்போது 325 வோல்ட் வரை ஏறும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் தங்கியிருக்கலாம்.

ஆர்.ஓ. இயந்திரங்களிலும் இதே கதைதான். அங்கே பெரும்பாலும் 24 வோல்ட். தண்ணீர் குறைந்ததும் பம்பை மாற்றச் சொல்வார்கள். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே வோல்டேஜை அளந்து காட்டுங்கள் என்று கேளுங்கள். அளக்க மறுப்பவருக்குப் பணம் கொடுக்க அவசரப்படாதீர்கள்.

இதற்கு நேரெதிரான நோயும் உண்டு. அடாப்டர் விளக்கு விட்டுவிட்டு மினுக்கி, 'டிக் டிக்' என்று சத்தம் வரும். சுமை தாங்காமல் அடாப்டர் தன்னைத்தானே அணைத்து மீண்டும் முயல்கிறது. பம்பைக் கழற்றுங்கள். மினுக்கல் நின்றால் கோளாறு பெரும்பாலும் பம்பிலோ ஒயரிலோ இருக்கிறது, நிற்காவிட்டால் அடாப்டரில். அம்மையாரின் ஒரு பம்பு வாளியில் ஓடினாலும் மற்ற இரண்டைவிட அதிகக் கரண்ட் இழுத்தது. முன்மூடியைக் கழற்றினால் நீரைத் தள்ளும் சின்ன விசிறியான இம்பெல்லரைச் சுற்றிக் காப்பிச் சக்கை களிமண் போல அப்பியிருந்தது. பழைய பல்தேய்க்கும் பிரஷ் போதுமானதாக இருந்தது.

புது அடாப்டர் வாங்கும்போது பலர் பயப்படுவது ஆம்பியருக்கு. ஒன்றேகால் ஆம்பியர் பம்புக்கு மூன்று ஆம்பியர் அடாப்டர் போட்டால் ஒன்றும் எரியாது. பம்பு தனக்கு வேண்டியதை மட்டுமே எடுக்கும். பயப்பட வேண்டியது வோல்டேஜுக்கு. வீட்டில் கிடக்கும் 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரை மாட்டிப் பம்பைப் பொசுக்கியவர்களை எனக்குத் தெரியும். முனைகளின் பிளஸ், மைனஸும் பொருந்த வேண்டும். அடாப்டரை நீர்மட்டத்துக்கு மேலே, காற்றோட்டமாக வையுங்கள். ஒயர் ஓரிடத்தில் கீழே தொங்கி வளைந்து பிளக்குக்கு ஏறினால், வழிகிற நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஈரத்தரையில் வேலை என்றால் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் தொடங்காதீர்கள்.

அம்மையார் மூன்று ஆம்பியர் அடாப்டருடன் போனார். உபரியான பம்புகளில் ஒன்றை மொட்டை மாடிச் செடிகளுக்கு வைத்தாராம். மறுவாரமே தொலைபேசி: "அண்ணா, அடாப்டர் புதுசு, பம்பும் நல்லது, ஆனாலும் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது." ஒயர் எது என்று கேட்டேன். வீட்டில் கிடந்த ஸ்பீக்கர் ஒயர், பதினைந்து மீட்டர். அவ்வளவு நீளத்தில் மெல்லிய ஒயரே வோல்டேஜைத் தின்றுவிடும். பம்பு ஓடும்போது அதன் முனையில் அளக்கச் சொன்னேன். ஒன்பதரை வோல்ட். ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்ட பிறகு 11.7.