நுவரெலியாவில் வெக்குவம் கேஜ் முள் ஏன் 24-இல் நின்றுவிடுகிறது?

ஹட்டனில் வாடகைக்கு வேன் ஓட்டும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணே, பழைய டொல்பின் வேன், ஏசிக்கு மூன்று தடவை கேஸ் அடிச்சாச்சு. கொழும்புக்கு இறங்கும்போது கால் மணித்தியாலம் நல்லாக் குளிருது, அப்புறம் சூட்டுக் காற்றுதான். நிப்பாட்டி ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வந்தா திரும்பவும் குளிருது. என்ன கோளாறு?"

தம்பி, முதலில் ஒன்றைக் கவனியுங்கள். குளிர் போகும் நேரத்தில் காற்றின் வேகமும் குறைகிறதா? குறைந்தால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கொயிலின் மேல் பனிக்கட்டி படிகிறது. காற்று பலமாக வந்துகொண்டே சூடானால், பெரும்பாலும் கட்டி பிடிப்பது குழாய்க்கு உள்ளே. உங்களுக்கு இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

ஏசி வேலை செய்யும் விதம் பள்ளியில் படித்ததுதான். கம்பிரசர் கேஸை அழுத்தும், முன்னால் இருக்கும் கொண்டென்சரில் அது திரவமாகும், எக்ஸ்பேன்ஷன் வால்வின் ஊசித் துளை வழியாகப் பாய்ந்து கொதித்து, உள்ளே இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும். அந்தத் துளைக்குப் பக்கத்தில் பூச்சியத்துக்குக் கீழே போய்விடலாம். உள்ளே ஒரு துளி தண்ணீர் இருந்தால் அங்கேதான் உறைந்து துளையை அடைக்கும். நீங்கள் டீ குடிக்கும் நேரத்தில் அது உருகிவிடும்.

தண்ணீர் எப்படி உள்ளே போனது? ஹோஸைக் கழற்றி மாட்டிவிட்டு, வெக்குவம் போடாமலே, அதாவது உள்ளே புகுந்த காற்றைப் பம்ப் வைத்து வெளியே எடுக்காமலே, கேஸ் அடித்திருப்பார்கள். பழைய வேன்களில் இது இன்னும் மோசம். ஓசோன் படலத்தைக் காக்கப் போட்ட 1987 மொன்றியல் உடன்படிக்கைக்குப் பிறகு ஆர்-12 கேஸ் படிப்படியாகப் போய் ஆர்-134ஏ வந்தது. அதோடு சேர்ந்து வந்த ஒயில், காற்றில் இருக்கும் ஈரத்தைப் பஞ்சு மாதிரிக் குடிக்கக்கூடியது.

இனி எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். வெக்குவம் பம்ப் அந்தத் தண்ணீரை உறிஞ்சி எடுப்பதில்லை, கொதிக்க வைக்கிறது! மலையில் பருப்பு வேக ஏன் நேரமெடுக்கிறது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தை இன்னும் இறக்கிக்கொண்டே போனால் அது 16 பாகையிலும், அதாவது அந்த ஊரின் சாதாரண குளிரிலேயே, நெருப்பில்லாமல் குழாய்க்குள் கொதித்து ஆவியாகிப் பம்ப் வழியே வெளியேறும். ஆனால் அதற்கு அங்குள்ள காற்றழுத்தத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கை எடுத்தாக வேண்டும்.

கொழும்பில் தொழில் பழகிவிட்டு நுவரெலியாவுக்கு வந்த ஒரு மெக்கானிக், கேஜ் முள் 24 அங்குலத்துக்கு (பாதரச அளவில்) மேல் போகாததால் எங்கோ லீக் என்று நம்பி, ஒரு பகல் முழுக்கக் குழாய் மூட்டுகளில் இருக்கும் ஓ-ரிங் ரப்பர் வளையங்களை மாற்றிக்கொண்டிருந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கடல் மட்டத்தில் முள் 29-ஐத் தாண்டும். ஆனால் கேஜ் காட்டுவது வெளியே இருக்கும் காற்றோடு ஒப்பிட்ட அளவை மட்டும்தான். வெளியிலேயே 24 அங்குலக் காற்றுதான் இருக்கிறது என்றால் முள் அதற்கு மேல் எங்கே போகும்? ஆயிரம் அடி ஏற ஏற, ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். மலையக இளைஞர்கள் படிக்கும் ஒவ்வொரு தொழிற்பயிற்சி நிலையத்திலும் இந்த ஒரு கணக்கைச் சுவரில் எழுதிவைக்க வேண்டும். நல்ல டிஜிட்டல் வெக்குவம் மீற்றர் வாங்கவும் பணம் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கடைசி அரை அங்குலத்தைச் சாதாரண முள்ளை நம்பி அளக்க முடியாது. அது இல்லாத இடத்தில்தான் "அவருக்குக் கைராசி, அவர் அடித்தால் கேஸ் நிற்கும்" என்ற பேச்சு வளர்கிறது. நின்றது கைராசியால் அல்ல, அவர் பொறுமையாக ஒரு மணித்தியாலம் பம்பை ஓட விட்டதால்.

அவசரப்பட்டால் இன்னொரு சிக்கலும் உண்டு. கொதிக்கும் தண்ணீர் தன் சூட்டையே இழந்து உள்ளுக்குள் உறைந்துபோகும், அப்புறம் அந்தக் கட்டி ஆவியாக வெகுநேரம் பிடிக்கும். அதனால் வேனைக் கொஞ்சம் ஓட்டி, எஞ்சின் சூடாக இருக்கும்போது, வெயில் உள்ள முற்பகலில் வெக்குவம் போடச் சொல்லுங்கள். பிறகு வால்வைப் பூட்டி, பம்பை நிறுத்தி, அரை மணித்தியாலம் முள்ளைப் பாருங்கள். அசையாமல் நின்றால் லீக் இல்லை.

குழாய்க்குள் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் புதிதாகப் போடுங்கள். அதன் மூடியை மட்டும் மாட்டும் நிமிடம் வரை கழற்ற விடாதீர்கள், ஹட்டன் மூடுபனியில் திறந்து வைத்தால் வேனில் ஏறுமுன்பே அது வயிறு முட்டக் குடித்துவிடும்.