ரீமேப் செய்த காரில் ஃபியூல் பம்ப் தளர்ந்தால், பெரிய பம்ப் போடத்தான் வேண்டுமா?

ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் நிரலை மாற்றிச் சக்தி கூட்டுவது) செய்த டர்போ பெட்ரோல் காரில் பம்ப் தளர்வது ஊருக்குள் ஓட்டும்போது தெரியாது. பைபாஸில் மூன்றாவது கியரில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்து 4,000 ஆர்பிஎம் தாண்டும்போது வண்டி திடீரென்று மூச்சு முட்டித் தயங்கும். சூடாக அணைத்து, டீ குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தால் செல்ஃப் நீளமாக இழுக்கும். பின்சீட்டுக்கு அடியில் ஒரு இரைச்சல் கேட்கும். இந்த மூன்றையும் சொல்லிக்கொண்டே கோவையில் எங்கள் பட்டறைக்கு வருபவர்கள் அடுத்துக் கேட்பது: "எப்படியும் மாத்தப் போறோம்ங்கண்ணா, பெருசாவே போட்டுடலாங்களா?"

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காரணம் தெரியும்வரை பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றழுத்தம்) ஏறும்படி ஓட்டாதீர்கள். பெட்ரோல் போதாமல் முழு பூஸ்டில் ஓடும் எஞ்சினில் எரியறை வெப்பம் ஏறி நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடித்து எரிவது) தொடங்கும். ரிங் உட்காரும் பிஸ்டன் விளிம்பு உடைய அதிக நேரம் ஆகாது. பம்ப் வாங்கும் காசு எங்கே, எஞ்சின் பிரிக்கும் காசு எங்கே!

இனி பம்ப் உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். ஃபியூல் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரித்துக் கொடுக்கும் குழாய்) பிரஷர் சென்சார் பொருத்தி, ஓட்டத்தில் பிரஷரையும் வைட்பேண்ட் சென்சார் காட்டும் லாம்டாவையும் சேர்த்துப் பதிவு செய்வோம். லாம்டா என்பது காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதம்; 1 என்றால் சரியான கலவை, எண் ஏறினால் பெட்ரோல் குறைகிறது என்று அர்த்தம். (பெட்ரோல் ஓடும் மெக்கானிக்கல் கேஜை ஹோஸ் இழுத்துக் கேபினுக்குள் வைக்கிறார்கள் சிலர். தயவுசெய்து வேண்டாம்.) பூஸ்ட் ஏறும்போது பிரஷர் விழுந்து, லாம்டாவும் மேலே போனால் சப்ளையில்தான் கோளாறு. பிரஷர் அசையாமல் லாம்டா மட்டும் ஏறினால் இன்ஜெக்டரையோ காற்றளவு சென்சாரையோ பாருங்கள். ஸ்பார்க் பிளக் இடைவெளி கூடி மிஸ்ஃபயர் ஆனாலும் வைட்பேண்ட் 'பெட்ரோல் குறைவு' என்றே காட்டும், எரியாத ஆக்ஸிஜனை அது அப்படித்தான் படிக்கும். இதில் ஏமாந்து நல்ல பம்பைக் கழற்றிப் போட்டவர்கள் நிறையப் பேர்.

பிரஷர் விழுகிறது என்று உறுதியான பிறகும் பம்ப் மேல் பழி போட அவசரம் வேண்டாம். பம்ப் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்து, லோடில் எத்தனை வோல்ட் வருகிறது என்று பாருங்கள். ஆல்டர்னேட்டர் 13.8 கொடுக்கும்போது பம்புக்கு 12தான் போய்ச் சேர்ந்தால், அது தள்ளும் அளவு சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஒரு ஃபியட் லீனியா டி-ஜெட்டில் இதைத்தான் கண்டோம். பம்ப் மாற்றியும் தயக்கம் போகாமல் வந்த வண்டி. துருப்பிடித்த எர்த் முனையைச் சுரண்டி, ரிலேவை மாற்றியதும் சரியாகிவிட்டது. அடைத்த ஃபில்டரும், டேங்குக்குள் பம்பின் வாயில் இருக்கும் வலைப்பையும் இதே தொல்லையைத் தரும். பழைய டேங்குகளில் எத்தனால் கலந்த பெட்ரோல் படிந்த அழுக்கைக் கிளப்பிவிடுவதால், வலைப்பை அடைப்பதை இப்போது கூடுதலாகப் பார்க்கிறோம்.

இதையெல்லாம் கடந்து பம்ப் தளர்ந்ததே காரணம் என்றால், கணக்குப் போடலாம். டர்போ பெட்ரோல் எஞ்சின் ஒரு எச்.பி.க்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் கேட்கும். 114 எச்.பி.யோடு வந்த லீனியா டி-ஜெட்டை ரீமேப்பில் 160க்குக் கொண்டுபோயிருந்தால், மணிக்கு 43 கிலோ, அதாவது ஏறக்குறைய 58 லிட்டர். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் சக்தி சுமார் 7 சதவீதம் குறைவு என்பதால் 62 ஆகும். வெயில், வயது, வோல்டேஜ் இவற்றுக்காக 20 சதவீதம் சேர்த்தால் 75. இந்த அளவை நல்ல நிலையில் உள்ள கம்பெனி பம்ப் பெரும்பாலும் தாங்கும். இங்கே என் தீர்ப்பு தெளிவு: அதே ஒரிஜினல் பம்பைப் புதிதாகப் போடுங்கள்.

அதே எஞ்சினில் பெரிய டர்போ வைத்து 250 எச்.பி. எதிர்பார்த்தால் கணக்கு 115 லிட்டரைத் தாண்டும். பெட்ரோல் பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், மேனிஃபோல்டுக்கு (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்) வேக்குவம் ஹோஸ் போகும் வகை என்றால், 1 பார் பூஸ்டில் 3 பார் பிரஷர் 4 ஆகும். பிரஷர் கூடக் கூட எந்தப் பம்பும் குறைவாகவே தள்ளும். அட்டையில் போட்டிருக்கும் '255 லிட்டர்' எந்த பிரஷரில், எந்த வோல்ட்டில் என்று கேட்டு, அதன் வரைபடத்தைப் பார்த்த பிறகே வாங்குங்கள். இந்த இடத்தில் பெரிய பம்ப் கட்டாயம். கம்பெனி பம்போடு ஓட்டுவது எஞ்சினைச் சாகடிக்கும்.

நடுவில் இருப்பவர்கள், "அடுத்த வருஷம் ஸ்டேஜ் 2 (ரீமேப்போடு பாகங்களையும் மாற்றும் அடுத்த கட்டம்) போவேன்" என்பவர்கள், அடுத்த வருடமே வாங்கட்டும். தேவையில்லாத இடத்தில் பெரிய பம்ப் தொல்லைதான். டேங்குக்குள்ளேயே ரெகுலேட்டர் இருக்கும் வண்டிகளில் அது மிஞ்சும் பெட்ரோலை வெளியேற்ற முடியாமல் ஐட்லிங்கில் பிரஷர் ஏறிப்போகும். பெட்ரோல் வாசமும் கரும்புகையும் வரும். எஞ்சின்வரை போய்த் திரும்பும் லைன் இருந்தால், சூடான பெட்ரோல் ஓயாமல் டேங்குக்கு வந்து, மே மாத வெயிலில் பம்பையே வேகவைக்கும். கரண்டும் கூடுதலாக இழுக்கும். பழைய வயரில் அப்படியே மாட்டினால் கனெக்டர் உருகும். பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ், ரிலே, தடித்த வயர் அவசியம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இ20 பரவலாவதற்கு முன் எழுதிய ரீமேப் இன்றும் ஓடுகிறதென்றால், பம்ப் எதுவானாலும் முழு பூஸ்டில் லாம்டாவைச் சரிபார்க்க வேண்டும். சாதாரண ஓட்டத்தில் ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) தானே திருத்திக்கொள்ளும். முழு ஆக்ஸிலரேட்டரில் அந்தத் திருத்தத்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. முழு பூஸ்டில் லாம்டா 0.80 முதல் 0.85 வரை இருந்தால் நிம்மதி, 0.9 தாண்டினால் காலை எடுங்கள்.

வாங்கும்போது பெயர்பெற்ற பிராண்டுகளின் போலிகள் ஆன்லைனில் கொட்டிக் கிடப்பதை மறக்காதீர்கள். பாதி விலையில் வருவது சந்தேகத்துக்குரியது. டேங்குக்குள் போடும் ஹோஸ், பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கவே செய்த எஸ்ஏஇ 30ஆர்10 வகையாக இருக்க வேண்டும். சாதாரண ஃபியூல் ஹோஸ் வெளிப்புறம் ஊறிப் பிளந்து, உள்ளேயே பிரஷர் கசிந்து, புதுப் பம்பே போய்விட்டதாகத் தோன்றும். டேங்கில் பம்ப் இறங்கும் வாயின் மூடியிலுள்ள ரப்பர் வளையமும் புதிதாக இருக்கட்டும். வேலைக்கு முன் லைன் பிரஷரை இறக்கி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில் தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கச் செய்யுங்கள். மாட்டி முடித்ததும் சீட்டைப் போடாமல், டேங்கை நிரப்பி மூடியைச் சுற்றிக் கசிவு பாருங்கள். பிறகு அதே சாலையில், அதே கியரில், அதே பிரஷர் பதிவை மீண்டும் எடுங்கள். பட்டறையில் அதைக் காட்டச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள்.